ஞாயிறு அரைநாள்

ஐதராபாத்
8.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

டெய்சி எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? ஜோஸ்பின் அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே?

கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. நேற்றும் அதுதான் நடந்தது. காகிதத்தில் எழுதினால் நான் முடிக்கிறவரை நீ குறுக்கே பேச முடியாது பார்!

"முப்பது வயசாச்சு, இன்னும் என்ன படிப்பு வேண்டிக்கிடக்கு" என்றாயே, இதோ பதில். பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்காக நடக்கிற நான்கு மாதப் பயிற்சி இது. திறந்த ஆய்வு என்கிறார்கள். ஊர் ஊராகப் போய்ச் சேகரிக்கிற தகவலைப் பீரோவில் பூட்டி வைக்காமல், யாரும் எடுத்துப் பார்த்துச் சரிபார்க்கும்படி இணையத்தில் வைக்கக் கற்றுத் தருகிறார்கள். எதில் தவறினோம் என்பதையும் ஒளிக்காமல் எழுதவேண்டும். முடிக்கிறவர்களில் சிலரை மற்றப் பல்கலைக்கழகங்களுக்குப் பயிற்சியாளராக எடுக்கப்போகிறார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும் அண்ணே. அதற்காகத்தான் வந்தேன்.

எங்களுக்குப் பாடம் எடுப்பவர் பாஸிலா மேடம். நம் கூட்டுக்கிணறுகளைப் பற்றிச் சொன்னேன். ஒரே கிணற்றில் பல பேருக்குப் பங்கு, ஆளுக்கு ஒரு முறைநாள், அந்த நாளில் அவர் மட்டும் தண்ணீர் பாய்ச்சலாம் என்றதும் வாயைப் பிளந்துவிட்டார். உன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து அத்தனை கிணற்றடிக்கும் போனேனே, அந்தத் தகவலைத்தான் இங்கே ஒழுங்கு செய்யப்போகிறேன்.

அம்மாவை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளச் சொல்.

உன் தங்கை,
டெய்சி

*

வடமதுரை
17.6.2025

டெய்சிக்கு,

உன் அண்ணன் ஸ்டீபன்ராஜ். எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி இருக்கிறது, ஆனால் கோவிலுக்குப் போகும்போது மட்டும் காணாமல் போய்விடுகிறது.

கடிதத்தை அம்மா இரண்டு தரம் படிக்கச் சொன்னார். "அம்புட்டுத் தூரத்துல சோறு கிடைக்குதான்னு ஒரு வரி எழுதலியே" என்று குறை. அடுத்ததில் எழுது.

கடையில் வேலை குவிந்து கிடக்கிறது. வெயிலுக்கு மோட்டார் எல்லாம் காயில் கம்பி எரிந்து வருகிறது. போகிற கிணற்றடியில் எல்லாம் உன்னைத்தான் கேட்கிறார்கள். மல்லிகைத் தோட்டத்துச் சுந்தரம்மாக்கா, "ஒந்தங்கச்சி என்ன கேட்டுச்சுன்னு எனக்குப் பாதி வெளங்கலை. ஆனா நாஞ் சொன்னதை ஒருத்தி ஒக்காந்து எழுதினாளே, அது போதும்" என்றது. அதே கிணற்றில் பங்குள்ள மொக்கைச்சாமியண்ணனும் விசாரித்தார்.

ஒன்று மட்டும் நினைவில் வை. அவர்கள் உன்னை நம்பிப் பேசவில்லை. மோட்டார்க்காரன் தங்கச்சி என்று பேசினார்கள். நீ பெரிய ஆளானால் எனக்குச் சந்தோஷம். என் பெயரைக் கெடுத்துவிடாதே, அவ்வளவுதான்.

அண்ணன்

*

ஐதராபாத்
20.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சோறு கிடைக்கிறது, அம்மாவிடம் சொல். காரம் மட்டும் கண்ணில் தண்ணீர் வரவைக்கிறது. நீ, அண்ணி, பிள்ளைகள் நலம் என்று நினைக்கிறேன்.

போட்டுவிட்டேன் அண்ணே! என் கிணற்று அட்டவணை இணையத்தில் ஏறிவிட்டது. ஒவ்வொரு பங்குதாரருக்கும் ஒரு வரி. பயப்படாதே, பேர், ஊர், சர்வே எண், போன் நம்பர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். பாஸிலா மேடம் வரிவரியாகப் பார்த்துச் சரி என்றார்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். யாரிடம் கேட்டு வாங்கினோமோ அவர்களுக்கே அந்தத் தகவல் திரும்பப் போய்ச் சேரவேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். மற்றவர்கள் ஆங்கிலத்தோடு விட்டுவிட்டார்கள். நான் இரண்டு வாரம் உட்கார்ந்து முழு அட்டவணையையும் தமிழிலும் போட்டேன். "இதை மாதிரியாக எல்லோருக்கும் காட்டப்போகிறேன்" என்றார் மேடம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சுட்டியை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். உனக்கு மட்டும்தான். பார்த்துவிட்டு நாலு வார்த்தை திட்டி எழுது.

டெய்சி

*

வடமதுரை
14.8.2025

டெய்சிக்கு,

எல்லோரும் இருக்கிறோம். பதில் எழுதத் தாமதம். வேலை.

போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நாளை மாதா பண்டிகை. அம்மா உனக்காகப் பூசை வைத்திருக்கிறார்.

அண்ணன்

*

ஐதராபாத்
19.8.2025

அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான்கு வாரம் பேச்சு மூச்சில்லை, பிறகு நாலு வரி. போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அண்ணி எடுத்து, "அவரு வெளிய போயிருக்காருங்க" என்கிறார். அண்ணி என்னை எப்போதிருந்து 'ங்க' போட்டுப் பேச ஆரம்பித்தார்?

கேட்டதற்குப் பதில். எடுக்கலாம், ஆனால் காரணம் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைக்கவேண்டும். அதற்குள் யாராவது இறக்கி வைத்திருந்தால் அதை யாரும் பிடுங்க முடியாது.

நீ சும்மா கேட்கிறவன் இல்லை. என்ன நடந்தது என்று மறைக்காமல் எழுது. எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

டெய்சி

*

வடமதுரை
27.8.2025

டெய்சிக்கு,

சரி, கேட்டுக்கொள். உன் அட்டவணையை ஊரில் பார்த்துவிட்டார்கள். மொக்கைச்சாமியண்ணன் மகள் ஜீவிதா திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் படிக்கிறதே, அது வீட்டில் வாசித்துக் காட்டியிருக்கிறது. ஊர்ப் பிள்ளை பெரிய வேலை செய்திருக்கிறது என்ற பெருமையில்தான் வாசித்தது. அதைக் குற்றம் சொல்லமுடியாது.

பேரை எடுத்தாய், சர்வே எண்ணை எடுத்தாய். முறைநாளை ஏன் விட்டாய்? 'பங்குதாரர்கள்: மூன்று பேர். முறை: ஞாயிறு முற்பகல் அரைநாள் மட்டும். பயிர்: மல்லிகை.' இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிணற்றில் அரைநாள் பங்கு யாருக்கு இருக்கிறது? சுந்தரம்மாக்கா ஒருத்திக்குத்தான். அவள் கல்யாணத்துக்கு அப்பன் கொடுத்த அரைநாள். காத்தமுத்துவுக்குத் திங்கள், செவ்வாய், புதன். மீதி எல்லாம் அவளுடைய சித்தப்பா மகன் மொக்கைச்சாமிக்கு. இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அடுத்த கட்டத்தில் நீ எழுதியிருக்கிறாய்: 'மற்றவர் முறையில் தண்ணீர் எடுத்தது உண்டா? உண்டு. வெள்ளிக்கிழமைகளில்.' வெள்ளி மொக்கைச்சாமியண்ணன் நாள்.

அவர் மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டார். கரண்ட் கனெக்ஷன் அவர் பேரில்தானே இருக்கிறது. "திருடிக்குத் தண்ணி கிடையாது" என்று கிணற்றடியில் நின்று கத்தினார். அக்கா இரண்டு ஞாயிறாகக் குடத்தில் சுமந்து ஊற்றுகிறது. மல்லிகைச் செடிக்குக் குடம் எந்த மூலைக்கு?

நீ ஒன்று செய். ஒரு கடிதம் எழுது. சுந்தரம்மாள் அப்படிச் சொல்லவே இல்லை, நான்தான் தப்பாகப் பதிந்துவிட்டேன் என்று. நான் கிணற்றடியில் வாசிக்கிறேன். பூட்டு திறந்துவிடும்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது.

அண்ணன்

*

ஐதராபாத்
2.9.2025

அண்ணனுக்கு,

அக்கா எப்படி இருக்கிறார்? முதலில் அதை எழுது.

நான் பாவி அண்ணே. பாஸிலா மேடத்துக்கு ஞாயிறு என்றால் ஒரு கிழமை, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? நம் ஊரில் முறைநாளைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. ஆய்வே முறைநாளைப் பற்றியது, அதை எடுத்தால் ஒன்றும் மிஞ்சாதே என்ற பேராசையில் விட்டுவிட்டேன். மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை. இந்த மாதக் கடைசியில் பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆனால் நீ கேட்கிறபடி எழுத என்னால் முடியாது. அக்கா சொன்னார், நான் எழுதினேன். சொல்லவே இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டால் மற்ற கிணறுகளில் எழுதியதையும் எவன் நம்புவான்?

உனக்கும் எனக்கும் இன்னொன்று தெரியும். அன்றைக்கு மொக்கைச்சாமியண்ணன் நான் கேள்வி கேட்டபோது என்ன சொன்னார் என்று நீயும் பைக்கில் சாய்ந்து நின்று கேட்டாய். சொல்லி முடித்துவிட்டு, "வேணாம் தாயி, என்னுதை எடுத்துரு" என்றார். அவர் கண்முன்னாலேயே தாளைக் கிழித்தேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன். அந்த வாக்கு நம் இரண்டு பேரையும் கட்டும். கோபத்தில் வாய்விட்டுவிடாதே.

இன்னொரு சந்தேகம். சுட்டியை உனக்கு மட்டும்தான் அனுப்பினேன். ஜீவிதாவுக்கு எப்படிப் போனது?

டெய்சி

*

வடமதுரை
9.9.2025

டெய்சிக்கு,

நான் வாய்விடவில்லை. விடவும் மாட்டேன். எனக்கு நீ சொல்லித்தர வேண்டியதில்லை.

உன் படிப்பு உனக்கு. கிழித்துப்போட்ட தாளுக்கு இருக்கிற மரியாதை உயிரோடு இருக்கிற மனுஷிக்கு இல்லை. நன்றாக இரு.

ஸ்டீபன்ராஜ்

டெய்சி, நான் ஜோஸ்பின் எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார், பிரித்து எழுதுகிறேன். உன் அண்ணன் கடைக்கு மூன்று வாரமாக ஒரு மோட்டாரும் வரவில்லை. "அந்தாளு வந்தா வீட்டு விஷயம் கம்ப்யூட்டர்ல ஏறிரும்" என்று வத்தலக்குண்டிலிருந்து ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். இவர் காலையில் கடையைத் திறந்து வைத்துவிட்டு, சுந்தரம்மாக்கா தோட்டத்துக்குப் போய்த் தண்ணீர் சுமக்கிறார். தோள்பட்டை வீங்கிப்போயிருக்கிறது. உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது பயம்தான் இருக்கிறது. ஏதாவது செய்.

*

ஐதராபாத்
14.9.2025

அண்ணனுக்கு,

உன் தோளுக்கு வைத்தியம் பார். அண்ணியைத் திட்டாதே.

நீ கேட்டபடி எழுதித் தனித்தாளில் வைத்திருக்கிறேன். 'சுந்தரம்மாள் அப்படி எதுவும் சொல்லவில்லை. நான்தான் வேறொருவர் பதிலை அவர் வரியில் தவறாகப் பதிந்தேன். மன்னிக்கவும்.' ஞாயிற்றுக்கிழமை வாசி.

ஊருக்கு ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டு பேச்சுப் பேச முடியாது. அதனால் இணையத்திலிருந்தும் அட்டவணையை எடுத்துவிட்டேன். 'பதிவில் பிழை' என்று காரணம் எழுதியாயிற்று. பாஸிலா மேடம் கூப்பிட்டு, எந்தக் கட்டத்தில் பிழை, மூலத்தாளைக் காட்டு என்றார். தொலைந்துவிட்டது என்றேன். அந்தத் தாள் என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது அண்ணே. மேடம் என் கோப்பை மூடி வைத்தார். பிறகு, "பயிற்சியாளர் பட்டியலில் உன் பெயரை எப்படி வைப்பேன்?" என்று கேட்டார்.

வருத்தமில்லை என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. பூட்டு திறந்ததும் ஒரு வரி எழுது, அது போதும்.

டெய்சி

*

வடமதுரை
22.9.2025

அன்புத் தங்கைக்கு,

அம்மா சுகம். தோள் தேவலை. நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் கிணற்றடியில் ஆள் கூடிவிட்டது. காத்தமுத்து, மொக்கைச்சாமியண்ணன், ஜீவிதா, அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். உன் தாளை வாசித்தேன். மொக்கைச்சாமியண்ணன் முகம் கொஞ்சம் இளகியது. சாவி இடுப்பில் இருந்தது, கை அங்கே போனது. நான் மனசுக்குள் மாதாவைக் கும்பிட்டுக்கொண்டேன்.

அப்போது சுந்தரம்மாக்கா குடத்தைக் கீழே வைத்தது. "அந்தப் புள்ள தப்பா எழுதலை. நாந்தான் சொன்னேன். வெள்ளிக்கெழம தண்ணி எடுத்தேன். எம்புருசனை மதுரை ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்துட்டு வந்தா செடி பூராம் கருகிக் கெடக்கு. மோட்டாரைப் போட்டு எடுத்தேன். கேட்டுச்சு, சொன்னேன். எனக்காண்டி அது எதுக்குப் பொய்யி எழுதணும்?" என்றது. நான் தாளை மடித்துக்கொண்டேன்.

"பாத்தீகளா, அவ வாயாலயே வந்துருச்சு" என்று மொக்கைச்சாமியண்ணன் சாவியை மறுபடி இடுப்பில் செருகினார்.

எல்லோரும் கலைகிற நேரத்தில் ஜீவிதா கேட்டது. அது உன் அட்டவணையை முன்பே போனில் இறக்கி வைத்திருக்கிறது. "கெணத்துக்கு மூணு பங்குன்னு போட்டிருக்குப்பா. வரி ரெண்டுதான் இருக்கு. அத்தை வரி இருக்கு, காத்தமுத்து மாமா வரி இருக்கு. உங்க வரி எங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சத்தியமாக வாயைத் திறக்கவில்லை. "ஏப்பா ஸ்டீபனு, நீ ஒண்ணுஞ் சொல்லலியா?" என்று அவரே கேட்டார். "என்னத்தைச் சொல்லண்ணே, நான் மோட்டார்க்காரன்" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பூட்டு அப்படியேதான் தொங்குகிறது.

நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய், நான் பதில் சொல்லாமல் விட்டேன். உன் சுட்டியை ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டவன் நான்தான். 'என் தங்கச்சி செய்தது' என்று மேலே எழுதி, பூங்கொத்துப் படம் வேறு வைத்தேன். அம்புட்டுப் பெருமை எனக்கு. உன்னைத் திட்டித் திட்டி எழுதினேனே, அத்தனையும் என்னையே திட்டிக்கொண்டதுதான்.

அண்ணன்
ஸ்டீபன்ராஜ்

*

30.9.2025

டெய்சித் தாயிக்கு மொக்கைச்சாமி சொல்லிக்கொள்வது. அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது ஜீவிதா. அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்.

நீ அங்கன நல்லா இருக்கியா தாயி? இங்கன எல்லாரும் இருக்கோம். ஒங்கண்ணன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை. அவன் அன்னைக்கு வாயைத் தொறந்திருந்தா அவனை அடிச்சிருப்பேன். தொறக்கலை. அதுதான் என்னைத் தூங்கவிடலை.

எம்மக தெனமும் வரி எங்க வரி எங்கன்னு கேக்குறா. நேத்து அவகிட்டச் சொல்லிட்டேன். சுந்தரம் புருசனோட ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அவ ஞாயித்துக்கெழம அரைநாளை நாந்தான் எடுத்து என் தென்னைக்குப் பாச்சுனேன். ஒருவாட்டி இல்லை, அவ திரும்பி வர்ற வரைக்கும் எடுத்தேன். அவ செடி கருகுனது அதுலதான். அதுக்கப்புறந்தான் அவ என் வெள்ளிக்கெழமையில கை வச்சிருக்கா. அவளைத் திருடின்னேன். எம்மக எங்கூடப் பேசி ரெண்டு நாளாச்சு. இதை எழுதத்தான் வந்து ஒக்காந்திருக்கா.

சுந்தரத்துக்கிட்டயும் போய்ச் சொல்லிட்டேன். அவ குடத்தைத் தூக்கிக்கிட்டுச் செடிக்குப் போயிட்டா. பூட்டைக் கழட்டிக் கெணத்துக்குள்ள போட்டுட்டேன். ஆனா செடி பாதிக்கு மேல போயிருச்சு தாயி. இனி தண்ணி விட்டும் துளிர்க்காது.

நான் எடுக்கச் சொன்ன என் வரியைத் திரும்பப் போட்டுரு. பேரோட போட்டாலுஞ் சரி.

மொக்கைச்சாமி

*

ஐதராபாத்
6.10.2025

மதிப்பிற்குரிய மொக்கைச்சாமியண்ணனுக்கு,

டெய்சி எழுதுகிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்களும் அக்காவும் காத்தமுத்தண்ணனும் நலமாக இருக்கவேண்டும். உங்களோடு பேசும்படி நான் சொன்னதாக ஜீவிதாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் வரியைப் போட இப்போது அட்டவணையே இல்லை அண்ணே. நான் எடுத்துவிட்டேன். அதில் பிழை என்று ஊர் உலகத்துக்கு எழுதி வைத்துவிட்டேன். பிழை அதில் இல்லை. அந்தக் கிணற்றில் பங்கு உள்ளவர்கள் எல்லோரும் கேட்டதற்கு உள்ளதைச் சொல்லிவிட்டீர்கள். பொய் சொன்னவள், பங்கே இல்லாத நான்தான்.

இன்று காலை அலமாரியிலிருந்து அக்காவின் தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பாஸிலா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். முறைநாளைப் போட்டு ஆளைக் காட்டிக்கொடுத்தது, அதை மறைக்கப் பொய் எழுதியது, எதையும் விடவில்லை. பட்டியலில் என் பெயர் இல்லை, அது போன வாரமே முடிந்துபோனது. "இதை எழுதி வைத்துவிட்டுப் போ, அடுத்து வருகிறவர்களுக்கு அதைத்தான் முதல் பாடமாக வைக்கவேண்டும்" என்று மட்டும் சொன்னார். எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் கிழமையும் இல்லை, பயிரும் இல்லை. எழுதி முடித்ததும் முதலில் உங்கள் மூன்று பேருக்கும் வாசித்துக் காட்டுகிறேன். யார் வேண்டாம் என்றாலும் போடமாட்டேன்.

அடுத்த வாரம் ஊருக்கு வருகிறேன். செத்துப்போன செடியைப் பிடுங்குகிற வேலை என்னுடையது. அண்ணனோடு சேர்ந்து குழி வெட்டுவேன், புதுச்செடி ஊன்றுவேன், அதுதான் என்னால் ஆகும்.

எனக்காக ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை முற்பகல் சுந்தரம்மாக்கா தண்ணீர் பாய்ச்சும்போது நான் கிணற்றடிக்கு வரலாமா? அது அவர் நேரம். அவர் சரி என்றால்தான் வருவேன்.

இப்படிக்கு,
டெய்சி